பணம் கட்டும் பக்கத்தில் காத்திருக்கும் கடன்: ஆன்லைனில் வாங்கப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். வங்கியிலிருந்து கூப்பிட்டு, "உங்க பேர்ல ஒரு கடன் 94 நாளா கட்டாம நிக்குது மேடம்" என்றார்கள். நகைக்கடன்கூட வாங்காதவர் அவர். பதறிப்போய் என் வீட்டுக்கு வந்து போனை நீட்டினார். இருவரும் உட்கார்ந்து தேடியதில் கடைசியில் கிடைத்தது ஒரு ஷாப்பிங் ஆப்பில் வாங்கிய தலையணை உறை. விலை ₹412.

ஏதோ ஒரு பண்டிகைத் தள்ளுபடியின்போது "₹100 கேஷ்பேக் பெற இங்கே தட்டுங்கள்" என்று ஆப்பில் வந்திருக்கிறது. தட்டினார். பான் எண் கேட்டது, கொடுத்தார். ஆதார் ஓடிபி கேட்டது, அதையும் கொடுத்தார். அன்றைக்கு அவர் பெயரில் 'பே லேட்டர்' என்ற ஒரு கடன் கணக்கு திறந்துவிட்டது. அடுத்த முறை தலையணை உறை வாங்கியபோது அந்தக் கணக்குதான் முதல் தேர்வாக நின்றது. யுபிஐ பின் கேட்கவே இல்லை. "பின் கேக்கலையே, ஏற்கெனவே அதுல ஏதோ பேலன்ஸ் இருக்குபோலன்னு நினைச்சேன்டா" என்றார். பாக்கியைக் கட்டச் சொல்லி வந்த எஸ்எம்எஸ் எல்லாம் விளம்பரங்களுக்கு நடுவே படிக்கப்படாமல் கிடந்தன.

படித்தவர், கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், அவருக்கே இப்படி. அதனால் புதிதாக ஆன்லைனில் வாங்கத் தொடங்குபவர்கள், அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்திருப்பவர்கள், முதல் சம்பளம் வாங்கியிருக்கும் பிள்ளைகள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். இந்தியாவில் இருக்கும் நடைமுறையையும் விதிகளையும் வைத்தே சொல்கிறேன்.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்

பணம் கட்டும் பக்கத்தில் கடன் மூன்று வேடத்தில் வரும். ஒன்று, 'பே லேட்டர்'. இந்த மாதம் வாங்கியதற்கெல்லாம் அடுத்த மாதம் ஒரு தேதியில் மொத்தமாகக் கட்டுவது. அமேசான் இதை 2020இல் இங்கே கொண்டுவந்தது, பிளிப்கார்ட்டிலும் உண்டு. இரண்டாவது, அந்த ஒரு பொருளுக்கு மட்டும் இஎம்ஐ. மூன்றாவது, கடையின் பெயர் போட்ட கிரெடிட் கார்டு. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு 2018இல் வந்தது, பிளிப்கார்ட் ஆக்சிஸ் கார்டு 2019இல் வந்தது.

மூன்றிலும் பணம் கொடுப்பது ஒரு வங்கி அல்லது என்பிஎஃப்சி எனப்படும் நிதி நிறுவனம். கடைக்காரர் உங்களை அங்கே அழைத்துப்போய் விடுகிறார், அவ்வளவுதான். ஆனால் திரையில் பெரிதாகத் தெரிவது கடையின் பெயர். கடன் கொடுப்பவரின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருக்கும். என் அக்காவுக்குத் தான் கடன் வாங்கிய நிறுவனத்தின் பெயரே, வங்கிக்காரர் சொன்னபோதுதான் முதன்முதலாகத் தெரிந்தது.

தெருமுனை அண்ணாச்சி கடையிலும் கணக்கு வைத்து வாங்கியிருக்கிறோம். அந்த நோட்டில் எழுதும்போது நாம் எதிரில் நிற்போம். ஒரு வாரம் தள்ளிப்போனால் அண்ணாச்சி முகத்திலேயே தெரியும், நாமும் சொல்லிக்கொள்ளலாம். எந்த வங்கியும் அந்த நோட்டை வாங்கிப் பார்ப்பதில்லை. இங்கே திறக்கும் கணக்கு உங்கள் பான் எண்ணோடு கட்டப்பட்டு, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் போகிறது. தொகை சின்னது என்பதால் அங்கே சலுகை கிடையாது. ₹412ஆக இருந்தாலும் 94 நாள் என்றால் 94 நாள்தான்.

கடைகள் ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுகின்றன? கையில் காசு இல்லாதபோதும் கூடை காலியாகாமல் வாங்கிவிடுவோம், ஒன்றுக்கு இரண்டாகவும் வாங்குவோம். கடன் நிறுவனத்திடமிருந்து கடைக்குக் கட்டணமும் வரும். அதனால்தான் அந்தப் பட்டன் மட்டும் எப்போதும் பெரிதாக, நல்ல நிறத்தில், மேலே இருக்கிறது.

முதல் வேலை: வாங்குவதற்கு முன்பே ஆப்பைச் சரிசெய்வது

கூடையை நிரப்பிவிட்டு யோசிக்காதீர்கள். ஒரு சாயங்காலம் நிதானமாக உட்கார்ந்து, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு ஷாப்பிங் ஆப்பிலும் 'அக்கவுண்ட்' அல்லது 'பேமெண்ட்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே 'பே லேட்டர்', 'கிரெடிட்', 'ஆக்டிவேட்டட்' போன்ற சொற்கள் இருக்கின்றனவா? இருந்தால் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று அர்த்தம். பாக்கி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். வேண்டாமென்றால் மூடும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

அப்புறம், நீங்கள் வழக்கமாகக் கட்டும் வழியை (யுபிஐ, டெபிட் கார்டு, கேஷ் ஆன் டெலிவரி எதுவாக இருந்தாலும்) முதல் தேர்வாக வைத்துவிடுங்கள். 'ஒரே தட்டில் வாங்க' என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பின் நம்பர் அடிக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சின்னத் தடைதான் "இப்போது உன் கணக்கிலிருந்து பணம் போகிறது" என்று நமக்குச் சொல்கிறது.

பணம் கட்டும் பக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பக்கம் திறந்ததும் எதையும் தட்டாமல் கடைசிவரை கீழே தள்ளிப் பாருங்கள். யுபிஐயும் கேஷ் ஆன் டெலிவரியும் பல நேரம் அடியில்தான் இருக்கும். சில ஆப்களில் 'மற்ற வழிகள்' என்ற சிறிய வரியைத் தட்டினால்தான் வெளியே வரும். பிறகு மேலே வந்து, எந்த வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கைபடாமல் கடன் தேர்வாகியிருந்தால் மாற்றுங்கள்.

"உங்களுக்கு ₹60,000 அங்கீகரிக்கப்பட்டுள்ளது" என்ற வரியைப் பார்த்து மகிழ வேண்டாம். நீங்கள் விண்ணப்பமே போடவில்லை. அங்கீகரிக்கப்பட்ட என்ற சொல் அங்கே உங்களைத் தட்டவைப்பதற்காக இருக்கிறது.

அடுத்து, கேட்கும் விவரங்களைக் கவனியுங்கள். வீட்டுக்கு ஒரு குக்கர் வாங்க உங்கள் முகவரியும் போன் நம்பரும் போதும். பான் எண், பிறந்த தேதி, ஆதார், மாதச் சம்பளம், செல்ஃபி இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டால் நீங்கள் பொருள் வாங்கும் வரிசையிலிருந்து கடன் விண்ணப்ப வரிசைக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். (இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் நகை வாங்கினால் பான் கேட்பது வருமான வரி விதி, அது வேறு.) எத்தனை திரைகளை எப்படி மாற்றி வடிவமைத்தாலும் புதிய கடன் கணக்கு திறக்கப் பொதுவாகப் பான் கேட்பார்கள். ஆகவே இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும்போது நான் இதை மட்டும்தான் சொல்கிறேன்: "பான் கேட்டா நிறுத்திடுங்க, எனக்குப் போன் பண்ணுங்க."

ஓடிபி வரும்போது ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்காமல் அந்த மெசேஜ் முழுவதையும் படியுங்கள். யார் அனுப்பியது, எதற்காக என்று அதில் இருக்கும். ஆதார் சரிபார்ப்பு, கடன் ஒப்பந்தம் என்றெல்லாம் இருந்தால் ஓடிபியைப் போடாதீர்கள். இப்போது பல போன்கள் ஓடிபியைத் தானாகவே எடுத்து நிரப்பிவிடுகின்றன. அதனால் மெசேஜைத் திறக்காமலே கடந்துவிடுகிறோம். முடிந்தால் அந்த வசதியையும் நிறுத்திவையுங்கள்.

கட்டங்களில் முன்பே டிக் போட்டிருந்தால்? 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகளின்படி, முன்பே டிக் செய்த கட்டத்தை வைத்து வாங்குபவரின் சம்மதத்தைப் பதிவுசெய்யக் கூடாது. நீங்களாகத் தெளிவாகச் செய்த செயலே சம்மதம். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகையைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. நம் விஷயத்தில் அடிக்கடி தென்படுபவை இவை: "சலுகை இன்னும் 4 நிமிடம்தான்" என்ற பொய் அவசரம், வேண்டாம் என்பதை மங்கிய எழுத்தில் ஒளித்துவைப்பது, "எனக்குச் சேமிப்பு வேண்டாம்" என்று எழுதிய பட்டனை வைத்து மறுப்பவரை வெட்கப்படவைப்பது, மறுத்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்டு நச்சரிப்பது. 2025 ஜூனில் இதே ஆணையம், மூன்று மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்யும்படி இ-காமர்ஸ் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே, இப்படி ஒன்றைக் கண்டால் நாமும் புகார் செய்யலாம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் உண்மையிலேயே வேண்டுமென்றால்

வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் ஃப்ரிட்ஜ் நின்றுபோய், வீட்டில் இன்சுலின் வைக்க வேண்டியவர் இருந்தால், ஆறு மாதத் தவணை பெரிய உதவிதான். அப்படியான நேரத்தில் கடனைத் தெரிந்து வாங்க வேண்டும். அதற்கு ஒரே கருவி கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவர அறிக்கை.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் முதலில் 2022 செப்டம்பரில் வந்தன. 2025 மே மாதம் திருத்தித் தொகுத்தார்கள். அவற்றின்படி, ஒப்பந்தத்துக்கு முன்பே இந்த அறிக்கையை உங்களுக்குக் காட்டியாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் ஆவணங்கள் உங்கள் மின்னஞ்சலுக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ தானாக வர வேண்டும். இது எவ்வளவு தீவிரமான விதி என்பதற்கு ஒரு உதாரணம்: 2023 நவம்பரில் பஜாஜ் ஃபைனான்ஸின் 'இகாம்', 'இன்ஸ்டா இஎம்ஐ கார்டு' என்ற இரண்டு திட்டங்களிலும் புதிய கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. முக்கியக் காரணம், இந்த அறிக்கையைக் கடன்தாரர்களுக்கு முறையாகத் தராததுதான். குறைகளைச் சரிசெய்த பிறகு, 2024 மே மாதம் தடை நீக்கப்பட்டது.

அறிக்கை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரல் சுற்றறிக்கை சொல்கிறது. தமிழில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இன்னொன்றும் அதில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடன் என்றால், அந்த அறிக்கையில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளுக்குச் செல்லும். எனவே "இப்போதே தட்டாவிட்டால் போச்சு" என்று ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக் கடன் ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. படித்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டு, மறுநாள் முடிவெடுக்கலாம். அறிக்கையில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் கூடாது.

அறிக்கையில் பல எண்கள் இருக்கும். முதலில் தேட வேண்டியது ஏபிஆர், அதாவது கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம். அதை 12ஆல் வகுத்தால் நம் ஊர்க் கணக்குக்கு வந்துவிடும். 24 சதவீதம் என்றால் ரெண்டு வட்டி. 36 என்றால் மூணு வட்டி. ஊரில் ஒருவர் வந்து மூணு வட்டிக்குத் தருகிறேன் என்றால் நாம் என்ன யோசிப்போமோ அதே யோசனையைத் திரை முன்னாலும் யோசிக்கலாம்.

'ஃபிளாட்' வட்டி என்று சொன்னால் கூடுதல் கவனம். ₹12,000 கடனுக்கு மாதம் ஒரு வட்டி, 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ₹1,440, தவணை ₹1,120. கேட்க 12 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு ₹12,000க்கே போடப்படுகிறது. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21½ சதவீதம். முன்பு தெருவில் தவணைக்குப் பாத்திரமும் புடவையும் கொண்டுவந்தவர்கள் அட்டையில் போட்ட கணக்கும் இதே கணக்குதான்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' கணக்கு

இதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் இருக்க முடியுமா? ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்று சொல்லப்படும் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. இப்போது நடப்பது இப்படி: வங்கி தன் வட்டியைப் போடும், கடையோ கம்பெனியோ அதே தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடும்.

₹30,000 போன், ஆறு தவணை, தவணைக்கு ₹5,000, வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விலையில் சுமார் ₹1,270 கழித்து ₹28,730ஐக் கடனாக எழுதுவார்கள். ஆறு மாதத்தில் அந்த ₹1,270 வட்டியாகத் திரும்பிப் போகும். மொத்தம் ₹30,000, சரியாக வந்துவிட்டது. ஆனால் கிரெடிட் கார்டில் போடும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது ஏறக்குறைய ₹229. பிராசஸிங் கட்டணம் ₹199 என்றால் ஜிஎஸ்டி சேர்த்து ₹235. ஆக ₹464 கூடுதல். இது திரையில் தெரியாது, கார்டு பில்லில்தான் வரும்.

₹464 பரவாயில்லை என்று தோன்றலாம். அப்படியானால் இன்னொன்றையும் பாருங்கள்: மொத்தமாகக் கட்டுபவருக்கு அதே போன் ₹1,500 குறைவாகக் கிடைக்கிறதா? கிடைத்தால், இஎம்ஐயின் உண்மையான விலை கிட்டத்தட்ட ₹2,000. பணம் கட்டும் பக்கத்தில் யுபிஐயையும் இஎம்ஐயையும் மாற்றி மாற்றித் தட்டி, கடைசித் தொகையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பே லேட்டரில் வட்டி இல்லை என்று சொல்வது, தேதிக்குள் கட்டினால் மட்டும். ₹500 பொருளுக்குத் தாமதக் கட்டணம் ₹100 என்றால், ஒரு மாதத் தாமதத்துக்கு நூற்றுக்கு இருபது ரூபாய் கொடுக்கிறோம். தொகை சின்னதாக இருக்க இருக்க இந்தத் தண்டம் பெரிதாகிறது. 2024 ஏப்ரல் முதல் தண்டக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்பது விதி. அப்படிப் போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

தெரியாமல் தட்டிவிட்டால்

பயப்பட வேண்டாம், ஆனால் அன்றைக்கே செய்யுங்கள். டிஜிட்டல் கடனுக்கு 'கூலிங் ஆஃப்' எனப்படும் மறுபரிசீலனைக் காலம் உண்டு; குறைந்தது ஒரு நாள். அதற்குள் வேண்டாம் என்றால், வாங்கிய அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். கேஎஃப்எஸ்ஸில் முன்பே சொல்லியிருந்தால் பிராசஸிங் கட்டணத்தை மட்டும் கடன் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பதும் அதில் இருக்கும்.

அந்தக் காலம் கடந்துவிட்டால், முதலில் பாக்கியை முழுவதும் கட்டுங்கள். கோபத்தில் "நான் இதை வாங்கவே இல்லை, கட்ட மாட்டேன்" என்று நின்றால் நாள் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும். பணத்தைக் கட்டிவிட்டுச் சண்டை போடலாம். பிறகு ஆப்பின் பே லேட்டர் பகுதியில் 'க்ளோஸ்' அல்லது 'டீஆக்டிவேட்' என்பதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய பெயரும் தொடர்பும் கேஎஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும். கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ஆப்பைப் போனிலிருந்து அழித்தால் கணக்கு மூடாது. மூடிவிடும் என்று நினைத்து அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

ஆட்டோபே, அதாவது தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதி, கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்ற பகுதியில் பட்டியல் இருக்கும். நெட் பேங்கிங் வழியாகக் கொடுத்ததென்றால் வங்கியில் ரத்து செய்யலாம். ஆனால் பாக்கி இருக்கும்போது ரத்து செய்யாதீர்கள். தவணை திரும்பினால் கடன் நிறுவனமும் கட்டணம் போடும், வங்கியும் தனியாகப் போடும்.

பொருளைத் திருப்பி அனுப்பியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொருள் கடைக்குத் திரும்பிப் போவதும், கடை ரீஃபண்ட் போடுவதும், அது கடன் கணக்கில் வரவாவதும் மூன்று வெவ்வேறு நாட்கள். இடையில் தவணைத் தேதி வந்தால் தாமதக் கட்டணம் விழுந்துவிடும். "நான்தான் திருப்பிட்டேனே" என்று விட்டுவிடாமல், தேதி வந்தால் கட்டிவிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருப்பது நல்லது. இஎம்ஐயாக இருந்தால், பொருளை ரத்து செய்த பிறகும் இஎம்ஐ ஓடுகிறதா என்று அடுத்த பில்லைப் பாருங்கள்.

வரம்பு தானாக உயர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தால், அதுவும் தவறு. உங்கள் வெளிப்படையான கோரிக்கை இல்லாமல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. கடன் ஆப் உங்கள் காண்டாக்ட் லிஸ்டையும் போட்டோக்களையும் கேட்கவும் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை மட்டும், அதுவும் கணக்கு திறக்கும்போது ஒருமுறை, உங்கள் சம்மதத்தோடு எடுக்கலாம். சந்தேகமான ஆப் என்றால், ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் 2025 ஜூலை முதல் வைத்திருக்கும் கடன் ஆப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் ரிப்போர்ட்

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒரு காசு செலவில்லாமல் ஆண்டு முழுவதும் பார்த்துவிடலாம். காசு கேட்கும் திட்டத்தை முதலில் காட்டுவார்கள், இலவச ரிப்போர்ட்டுக்கான சுட்டி எங்கேயாவது ஓரத்தில் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள்.

300 முதல் 900 வரை போடும் மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் ஒவ்வொரு கணக்காகப் படியுங்கள். பே லேட்டர் கணக்கு 'கன்ஸ்யூமர் லோன்' அல்லது 'பெர்சனல் லோன்' என்ற பெயரில், கேள்விப்படாத ஒரு என்பிஎஃப்சியின் பெயரோடு இருக்கலாம். 'என்கொயரி' பகுதியில் யார் யார் உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள் என்று இருக்கும். தவறு இருந்தால் அந்தத் தளத்திலேயே 'டிஸ்ப்யூட்' போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ₹100 உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது.

எங்கே புகார் செய்வது

கடையின் திரை ஏமாற்றியது, சம்மதம் இல்லாமல் கணக்கு திறந்தது என்பதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடன், வட்டி, தாமதக் கட்டணம், ரிப்போர்ட் பற்றியது என்றால் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. எப்படிப் புகார் போடுவது என்று 14448இல் கேட்கலாம். நிறுவனத்துக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள், அதனால் முதல் மின்னஞ்சலின் தேதியும் நகலும் முக்கியம்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. மிரட்டுவது, உறவினர்களுக்குப் போன் செய்து அவமானப்படுத்துவது இரண்டும் ரிசர்வ் வங்கி தடைசெய்தவை. நேரத்தையும் நம்பரையும் எழுதி வையுங்கள், முடிந்தால் அழைப்பைப் பதிவுசெய்யுங்கள்.

அக்கா விஷயத்தில் நாங்கள் முதலில் பாக்கியைத் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினோம். மறுநாளே கணக்கை மூடச் சொல்லி எழுதினோம். மூடியதாகப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. கடன் நிறுவனம் எதற்குச் சம்மதம் வாங்கியது, கேஎஃப்எஸ் எப்போது அனுப்பியது என்று தனியாகக் கேட்டோம்; அதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை, குறைதீர்ப்பாளரிடம் போட்டிருக்கிறோம். ரிப்போர்ட்டில் கணக்கு 'க்ளோஸ்டு' என்று மாறியது, ஆனால் அந்த 94 நாள் தாமதம் பழைய மாதங்களின் கட்டத்தில் இன்னும் இருக்கிறது. வீட்டுக் கடனை வங்கி மறுக்கவில்லை. பாக்கி இல்லை என்ற கடிதமும் அந்த ₹412 பில்லும் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அந்தக் கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் ஃபைலிலேயே வைத்திருக்கிறார்.